எத்தாளையில் ஒரு பரம்பரைக் கணக்கு

புத்தளத்திலிருந்து கொழும்பு வீதியில் சிறிது தூரம் போனால் பாலாவிச் சந்தி வரும். அங்கே வலது கைப்பக்கம் திரும்புகிற பாதைதான் கற்பிட்டிப் பாதை. உப்பளங்களைத் தாண்டியதும் மணல் நிலம் தொடங்கிவிடும். வலப்புறம் களப்பு, இடப்புறம் பெருங்கடல், நடுவில் நாக்கைப் போல நீண்டு கிடக்கும் ஒரு துண்டு நிலம். தென்னந்தோட்டங்கள், கிணற்று நீரை நம்பிய வெங்காயப் பாத்திகள், மிளகாய்ச் செடிகள், வீதியை மறித்து நிற்கும் கழுதைகள். நான் சிறுவனாக இருந்தபோது இந்தப் பாதையில் உயரமான பொருள் தென்னை மரம்தான். இப்போது நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கியும், காற்றாலைகளின் இறக்கைகளும் தென்னைகளைக் குள்ளமாக்கிவிட்டன.

இந்தப் பாதையில்தான் எத்தாளை இருக்கிறது. சுற்றுலாக்காரர் யாரும் இறங்கிப் பார்க்கும் ஊரல்ல. அவர்கள் நேரே கற்பிட்டிக்குப் போய் ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கட்டிய கோட்டையையும், கடலில் துள்ளும் ஓங்கில்களையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். நானோ பதினோரு ஆண்டுகளாக எத்தாளைக்குப் போய் வருகிறேன். அங்கே ஒரு வயதான தாய் இருக்கிறார். அவரிடம் ஒரு பழைய கிதாபு இருக்கிறது. அந்தக் கிதாபின் கடைசி வெற்றுத் தாள்தான் என்னை இந்த வேலையில் இழுத்துவிட்டது.

எந்த வேலை என்று கேட்பீர்கள். குடும்பங்களின் பரம்பரையை விசாரித்து எழுதி வைக்கும் வேலை. பாடசாலையில் இஸ்லாம் பாடம் படிப்பிக்கும் மௌலவிக்கு இது எதற்கு என்று என்னுடைய சகாக்களே சிரித்ததுண்டு.

சகோதரிகளே, நடந்ததைச் சொல்கிறேன். அந்த வீட்டாரின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயர்களை மட்டும் விட்டுவிடுகிறேன்.

2014 ஆம் ஆண்டு. எத்தாளையில் ஒரு கல்யாணப் பேச்சு முற்றாகி, நாளும் குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளை, பெண் இருவருடைய குடும்பங்களும் மன்னார்த் தீவிலிருந்து 1990 ஒக்டோபரில் ஒரே வள்ளத்தில் வந்து இறங்கியவை. அந்த ஆண்டின் கதையைப் புத்தளத்துப் பெண்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இளம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேறும்படி புலிகள் கட்டளையிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30 ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணித்தியாலம். ஏறத்தாழ 75,000 பேர் வீட்டையும் நிலத்தையும் விட்டு வந்தார்கள். மன்னார்த் தீவு மக்களில் பெரும்பாலோர் கடல் வழியாகக் கற்பிட்டிக் கரைக்கு வந்தார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. புத்தளத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் மூன்று குடும்பங்கள் படுத்திருந்தது நன்றாக நினைவிருக்கிறது.

கல்யாணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது, தூரத்து உறவுக்காரப் பெண் ஒருவர் ஒரு வார்த்தையைப் போட்டார். “பொண்ணுட உம்மா வள்ளத்தில வரக்க அந்தப் பிள்ளைக்குப் பால் குடுத்தவ எல்லோ? அப்ப ரெண்டும் சகோதரங்கள் ஆச்சுதே!”

வீடு இடிந்த மாதிரி ஆகிவிட்டது. பெண்ணின் உம்மா 2006 இல் மௌத்தாகிவிட்டார். மாப்பிள்ளையின் உம்மாவும் அதற்கு முன்பே போய்விட்டார். யாரிடம் கேட்பது?

பால்குடி உறவின் சட்டம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு குழந்தை இரண்டு வயது முடிவதற்கு முன் ஒரு பெண்ணிடம் ஐந்து தடவை பால் குடித்திருந்தால், ஷாஃபிஈ மத்ஹபின்படி அவள் அதற்குத் தாய். அவளுடைய பிள்ளைகள், முந்திப் பிறந்தவர்களும் பிந்திப் பிறந்தவர்களும், அதற்குச் சகோதரர்கள். திருமணம் ஒருபோதும் கூடாது. உக்பா இப்னு ஹாரிஸ் (ரலி) அவர்களின் சம்பவம் புகாரியில் பதிவாகியிருக்கிறது. அவர் அபூ இஹாபின் மகளை மணந்த பிறகு ஒரு பெண் வந்து, உங்கள் இருவருக்கும் நான் பாலூட்டியிருக்கிறேன் என்றார். உக்பா அவர்கள் தமக்கு அது தெரியாதே என்று திகைத்து, மக்காவிலிருந்து மதீனாவுக்கு வாகனமேறிப் போய்ப் பெருமானார் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். இப்படி ஒரு சொல் வந்துவிட்ட பின் எப்படிச் சேர்ந்து வாழ்வது என்ற கருத்தில் பெருமானார் பதில் சொல்ல, அவர்கள் பிரிந்துவிட்டார்கள்.

பெண்ணின் வாப்பா மார்க்கப் பேணுதல் உள்ளவர். இந்த ஹதீஸை ஒரு பயானில் கேட்டிருந்தார். “மகள் குமராக இருந்தாலும் பரவாயில்லை, ஹராமுக்குக் குடுக்க மாட்டன்” என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியுமா? மாப்பிள்ளையின் வாப்பாவோ, “என்ட மகன் வள்ளத்திலயே இல்லை, இங்க வந்த பிறகுதான் பிறந்தவன்” என்றார். அப்படியானால் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைக் காட்டுங்கள் என்றார்கள். காட்டினார். அதில் பிறந்த திகதி 1990 ஆகஸ்ட், பிறந்த இடம் மன்னார்! “அன்று ஒரு பேச்சு, இன்று ஒரு பேச்சா?” என்று எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

இந்த நிலையில்தான் அவர்கள் உறவினர் ஒருவர் என்னிடம் வந்தார். நான் அப்போது இளம் மௌலவி. பெரிய ஆலிம்களிடம் போங்கள் என்றேன். அவர்களும் சம்பவத்தை முதலில் சரியாக விசாரித்து வாருங்கள் என்றுதான் சொன்னார்கள். சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது, தெளிவில்லாதது நடந்த விஷயம்தானே. அரபுக் கல்லூரியில் பால்குடிப் பாடத்தை வரி விடாமல் ஓதியவன் நான். எந்தப் பிள்ளை எந்த மடியில் கிடந்தது என்பதைக் கண்டுபிடிக்கும் வழி மட்டும் எந்தக் கிதாபிலும் இருக்கவில்லை.

என் மனைவியை அழைத்துக்கொண்டு எத்தாளைக்குப் போனேன். பெண்கள் பால் கொடுத்த கதையைப் பெண்கள்தான் கேட்க வேண்டும். நான் முன் விறாந்தையில் இருந்தேன். அவள் உள்ளே போய் மாப்பிள்ளையின் வாப்பும்மாவோடு உட்கார்ந்தாள். அசருக்குப் போனவள் மஃரிபுக்குத்தான் வெளியே வந்தாள்.

வாப்பும்மா சொன்னது இதுதான். பாலூட்டியது உண்மை. ஆனால் பால் குடித்தது மகனுடைய பிள்ளையல்ல, மகளுடைய பிள்ளை. அந்தப் பிள்ளை மூன்று மாதக் குழந்தையாக வள்ளத்தில் வந்தது. தாய்க்குக் காய்ச்சலில் பால் வற்றிவிட்டது. பெண்ணின் உம்மாவுக்கு அப்போது கைக்குழந்தை இருந்ததால், கரைக்கு வந்த பிறகும் தென்னை மரத்தடியில் கிடந்த நாட்களில் இரண்டையும் அவரே அணைத்துக்கொண்டார். ஐந்து தடவை அல்ல, ஐம்பது தடவை இருக்கும். இரண்டு பேரப் பிள்ளைகளுக்கும் பாட்டனுடைய வாப்பாவின் பெயரையே வைத்திருந்ததால்தான் குழப்பம். பெயர் ஒன்று, ஆள் இரண்டு!

அப்படியானால் பிறப்புப் பத்திரம்? வாப்பும்மா சிரித்தாராம். மகன் வேண்டுமென்றேதான் அப்படிக் கொடுத்தான் என்றாராம். பிள்ளையின் பிறப்பைப் பல வருடங்கள் கழித்துப் பதிந்தபோது, பிறந்த இடம் மன்னார் என்றே இருக்கட்டும், இல்லாவிட்டால் நாளைக்கு உனக்கு அங்கே என்ன உரிமை என்று கேட்பார்கள் என நினைத்து, திகதியையும் பின்னுக்குத் தள்ளிக் கொடுத்துவிட்டார். பொய்தான். நான் அதை நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஊரை இழந்த ஒருவர் தன் பிள்ளைக்கு ஊரை விட்டுச் செல்ல வேறு வழி தெரியாமல் சொன்ன அந்தப் பொய்யை நினைக்கும்போது, எனக்குக் கோபம் வரவில்லை.

வாப்பும்மாவின் சொல் மட்டும் போதுமா? அவர் மாப்பிள்ளை வீட்டு ஆள்; பேரனுக்காகப் பேசுகிறார் என்பார்கள். அப்போதுதான் அவர் அந்தக் கிதாபை எடுத்து வரச் சொன்னார். வீட்டை விட்டு ஓடிவரும்போது நகை முடிச்சோடு அவர் இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தது அது. நகை வழியிலேயே போய்விட்டது. கிதாபு வந்து சேர்ந்தது. அவருடைய மர்ஹூமான கணவர் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தவர். கிதாபின் கடைசித் தாளில் தன் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் பிறந்த நாட்களை அரபுத் தமிழில் எழுதி வைத்திருந்தார்.

அரபுத் தமிழைப் பற்றி இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. பேச்சு தமிழ், எழுத்து அரபு. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு அரபு எழுத்துகளிலேயே புள்ளிகளைக் கூட்டி எழுதுவார்கள். நம் பாட்டிமார் பலர் தமிழ் எழுத்து அறியாமலே இதில் கடிதம் எழுதினார்கள், மருந்துக் குறிப்பு எழுதினார்கள், மாலைகளும் மசாயில்களும் படித்தார்கள். அவர்களை நாம் எழுத்தறியாதவர்கள் என்று சொல்லிவிட்டோம்.

அந்தத் தாளில் கடைசிக்கு முந்திய வரி, மகளின் மகனுடையது: ஹிஜ்ரி 1411, முஹர்ரம். கடைசி வரி, மகனின் மகனுடையது: ஹிஜ்ரி 1411, ரஜப் பிறை 12. நான் விறாந்தையில் இருந்தபடியே கணக்குப் பார்த்தேன். முஹர்ரம் என்றால் 1990 ஜூலை, ஆகஸ்ட். ரஜப் 12 என்றால் 1991 ஜனவரி கடைசி. வள்ளம் கரை சேர்ந்து மூன்று மாதம் சென்ற பிறகு! மை வேறு, கை ஒன்று. முந்திய வரிகள் ஊரில் வைத்துக் கறுப்பு மையில் எழுதியவை. கடைசி வரி மட்டும் நீலப் பேனையில். ஊரில் மைக்கூடு விட்டுப் போயிருக்கும்.

அதோடு விடவில்லை. அதே வள்ளத்தில் வந்த இரண்டு பெண்கள் ஆலங்குடாவில் இருந்தார்கள். இன்னொருவர் போர் முடிந்த பின் மன்னாருக்கே திரும்பிவிட்டார். மூவரிடமும் தனித்தனியே என் மனைவி பேசினாள், ஒருவரிடம் தொலைபேசியில். மூவரும் மகளின் பிள்ளை என்றே சொன்னார்கள். ஒருவர், அந்தப் பிள்ளையின் தாய் காய்ச்சலில் பிதற்றியதைக் கூடச் சொன்னார். எல்லாவற்றையும் எழுதிப் பெரிய ஆலிம்களிடம் கொடுத்தேன். நிக்காஹ் நடந்தது.

அன்று எனக்கு மனதில் பதிந்தது வேறொன்று. அந்த மகளின் மகன், தனக்கு எத்தாளையில் ஒரு பால்குடிச் சகோதரி இருக்கிறாள் என்பதையே இந்த விசாரணையில்தான் அறிந்தான். மன்னாரிலிருந்து கல்யாணத்துக்கு வந்தான். மணப்பெண் இருந்த அறைக்குள் அன்னிய ஆண் யாரும் போகாத நேரத்தில், அவன் போய் ஸலாம் சொல்லி உட்கார்ந்தான். ஹுனைன் போரில் பிடிபட்டு வந்த ஷைமா (ரலி) அவர்கள், நான் உங்கள் பால்குடிச் சகோதரி என்று சொல்லி, சிறு வயதில் பெருமானார் கடித்த தழும்பைக் காட்டியதாகவும், பெருமானார் தம் மேலாடையை விரித்து அமர்த்தியதாகவும் சீரா நூல்களில் வருகிறதே, அது என் நினைவுக்கு வந்தது.

அதன் பிறகுதான் பரம்பரை விசாரணை எனக்குப் பழக்கமாயிற்று. இங்கிலாந்தில் 1538 ஆம் ஆண்டு, எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தோமஸ் குரொம்வெல் கட்டளையிட்டு, ஒவ்வொரு கோயிற்பற்றிலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் பதியத் தொடங்கினார்களாம். இன்று ஒரு சிற்றூர்க் குடியானவர் வீட்டுப் பிள்ளை கூட அந்த ஏடுகளைப் புரட்டி நானூறு வருடம் பின்னுக்குப் போகிறது. நம் நாட்டில் ஒல்லாந்தர் தோம்பு எழுதினார்கள். அது பெரிதும் நிலத்துக்கும் வரிக்கும் எழுதியது. 1344 இல் இப்னு பதூதா இறங்கிய கரை என்று புத்தளத்தை நாம் பெருமையாகச் சொல்கிறோம். கற்பிட்டியில் 1807 இல் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834 இல் இலங்கை முழுவதற்கும் ஊர் அகராதி எழுதினார். எல்லாம் சரி. இவற்றில் எங்கள் உம்மும்மாவின் பெயரைத் தேடினால் கிடைக்குமா?

நமது கடுத்தப் புத்தகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின் படிவத்தில் மாப்பிள்ளை ஒப்பமிடுவார், வலி ஒப்பமிடுவார், மஹர் எவ்வளவு, கைக்கூலி எவ்வளவு என்றெல்லாம் எழுதுவார்கள். மணமகள் ஒப்பமிட அங்கே ஓர் இடம் வைக்கவில்லை. கைக்கூலிக்குக் கிடைத்த இடம் பெண்ணின் கைக்குக் கிடைக்கவில்லை என்று ஒருமுறை சொன்னதற்கு என்னை முறைத்துப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் வடக்கிலிருந்து வந்த குடும்பங்களில் அந்தப் புத்தகமும், காணி உறுதியும், பள்ளிவாசல் ஏடும் எல்லாம் போன பிறகு, எஞ்சி நின்றது பெண்களின் நினைவு மட்டும்தான்.

அந்த நினைவில் வருடக் கணக்கு இருக்காது; சம்பவக் கணக்கு இருக்கும். எந்த ஆண்டு உங்களுக்குக் கல்யாணம் என்று கேட்டால் தெரியாது என்பார்கள். தனுஷ்கோடியை அழித்த புயலுக்கு முந்தியா பிந்தியா என்று கேளுங்கள். “புயலடிச்சு நாப்பதாம் நாள்” என்று எத்தாளை வாப்பும்மா சொன்னார். புயல் 1964 டிசம்பர் 22, 23. கல்யாணம் 1965 ஜனவரி கடைசி. வேலை முடிந்தது! பாணுக்கு வரிசையில் நின்ற காலத்தில் வயிற்றில் இருந்த பிள்ளை என்றால் எழுபதுகளின் முற்பகுதி. சுனாமிக்கு அடுத்த நோன்பு என்றால் 2005. இப்படிப் பிடித்துக்கொண்டே போகலாம்.

ஒன்று மட்டும் அனுபவத்தில் சொல்வேன். ஆண்களிடம் கேட்டால் வாப்பா, அப்பா, அவருடைய வாப்பா என்று ஒரே நேர்கோட்டில் மூன்று பெயர் வரும். பிறகு அரபு நாட்டுக்குத் தாவிவிடுவார்கள்! பெண்களிடம் கேட்டால் கோடு பக்கவாட்டில் விரியும். யாருக்கு யார் பிரசவம் பார்த்தது, எந்தப் பிள்ளை தவறியது, யார் யாரை வளர்த்தது, எந்தக் குடும்பத்தோடு ஏன் பேச்சில்லை, எல்லாம் வரும். கடைசியாகச் சொன்னதை எழுத வேண்டாம் என்று கையமர்த்திவிட்டுத்தான் சொல்வார்கள். நானும் எழுதுவதில்லை.

அண்மையில் மீண்டும் எத்தாளைக்குப் போயிருந்தோம். வாப்பும்மாவுக்கு இப்போது எண்பதை நெருங்கும் வயது. கண் பார்வை குறைந்துவிட்டது. மன்னாரிலிருந்து வந்த பனங்கட்டிக் குட்டானை உடைத்து, பிளேன்டீயோடு எங்கள் முன் வைத்தார்கள். அன்று நின்றுபோகவிருந்த கல்யாணத்தில் பிறந்த சின்னவள் பக்கத்தில் இருந்தாள். பாடசாலையில் குடும்ப மரம் வரைந்து வரச் சொல்லியிருக்கிறார்களாம். கிதாபைக் கொண்டுவந்து விரித்து வைத்திருந்தாள்.

“சேர், இதுல அப்பாட பேர் இருக்கு, பிள்ளைகள்ட பேர் இருக்கு. பெரியும்மாட பேர் எங்க?” என்று கேட்டாள்.

நான் பார்த்தேன். உண்மைதான். ஏழு பிறப்புகளையும் எழுதிய மனிதர், பெற்றவளின் பெயரை எங்கும் எழுதவில்லை. அடக்கமாக இருக்கலாம். அந்தக் காலத்து வழக்கம். வாப்பும்மா கையை நீட்டிப் பேனையை வாங்கினார். தாளைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, நடுங்கும் கையால், முதல் வரிக்கு மேலே இருந்த இடைவெளியில் தன் பெயரை அரபுத் தமிழில் எழுதினார். அதற்குமேல் தன் உம்மாவின் பெயரை. அதற்குமேல் உம்மும்மாவின் பெயரை எழுத இடம் போதவில்லை. தாளின் ஓரத்தில் எழுதினார்.

அப்போதுதான், இத்தனை வருடம் அவரிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். 1990 இல் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்த ஒரு தாயின் குழந்தைக்கு, என் தங்கைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த என் உம்மா பத்து நாள் அளவில் பால் கொடுத்தார். பிறகு அந்தக் குடும்பம் லொறியில் ஏறி வேறு முகாமுக்குப் போய்விட்டது. பெயரைக் கேட்டு வைக்கவில்லை. பெண் குழந்தை. எனக்கும் என் தம்பி தங்கைகளுக்கும் அவள் சகோதரி. எங்கள் பிள்ளைகளுக்கு மாமி அல்லது சாச்சி. எங்கே இருக்கிறாள், அவளுடைய பிள்ளைகள் யார், நாளைக்கு யார் வீட்டுக் கதவை யார் தட்டுவார்கள், ஒன்றும் தெரியாது.

வாப்பும்மா பனங்கட்டியைக் கீழே வைத்தார்.

“எந்த மாசம் மகன்?”

“நவம்பர் என்று உம்மா சொல்லுவா. மழை பெய்தது.”

“மழை எண்டா நவம்பர்தான். யாழ்ப்பாணத்து ஆக்களா, முசலிப் பக்கத்து ஆக்களா? பேச்சு எப்பிடி இருந்திச்சு? உங்கட உம்மாவை அவ என்னண்டு கூப்பிட்டவ?”

எனக்குத் தெரியவில்லை. முப்பத்தைந்து வருடமாக இதையெல்லாம் நான் உம்மாவிடம் கேட்டதேயில்லை.

“புள்ள, அந்தக் கொப்பியில புதுத் தாள் ஒண்டு எடு” என்று சின்னவளிடம் சொன்னார். பிறகு என் மனைவியைப் பார்த்தார். “அடுத்த கிழமை மாமியையும் கூட்டிட்டு வாங்க. நான் கேக்கிறன்.”